காலியாகும் அலமாரி, சரியும் சந்தை: நோய்ப்பரவல் நேரத்துக் கேள்வி பதில்

புதிய கிருமித்தொற்றுச் செய்தி வந்த உடனே சிங்கப்பூரில் இரண்டு இடங்கள் பரபரப்பாகும்: பேரங்காடியின் அரிசிப் பகுதி, பங்குத் தரகர் செயலி. இரண்டிலும் அதிகம் அடிபடுபவர்கள் அன்றைக்கே வாங்கியாக வேண்டிய, அன்றைக்கே விற்றாக வேண்டிய நிலையில் இருப்பவர்கள்தான். அந்த நிலைக்கு வராமல் இருக்க என்னென்ன செய்து வைக்கலாம் என்பதையே கீழே உள்ள கேள்விகள் சுற்றி வருகின்றன.

செங்காங் வாசகி: ஐயா, 2020 பிப்ரவரியில் கொவிட் பரவத் தொடங்கியபோது உணவுக் கையிருப்பு போதுமான அளவு இருக்கிறது என்றார்கள். கடைக்குப் போனால் அரிசியும் இல்லை, நூடல்ஸும் இல்லை. எதை நம்புவது?

இரண்டுமே உண்மைதான் அம்மா. பிப்ரவரி 7, வெள்ளிக்கிழமை, நோய்ப்பரவல் எச்சரிக்கை நிலை மஞ்சளிலிருந்து ஆரஞ்சுக்கு உயர்ந்தது. சில மணி நேரத்தில் அலமாரிகள் காலியாகிவிட்டன. தீவில் அரிசி தீரவில்லை. கிடங்கிலிருந்து அலமாரிக்கு வரும் வழிதான் நெரிசலில் மாட்டிக்கொண்டது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். சிங்கப்பூரில் ஏறக்குறைய 14 லட்சம் குடும்பங்கள். குடும்பத்துக்கு ஒரு 5 கிலோ பை கூடுதலாக எடுத்தால் 7,000 டன். 10 டன் ஏற்றும் லாரி என்றால் 700 நடை. லாரி, ஓட்டுநர், இறக்கி அடுக்கும் ஆள் எல்லாம் வழக்கமான நாளுக்கு மட்டுமே அளவாக வைக்கப்பட்டவை. ஒரே மாலையில் 700 நடை கூடுதலாக ஓட்ட யாராலும் முடியாது.

கழிவறைத் தாள் முதலில் காலியாகக் காரணம் அதன் பருமன். ஒரு தட்டில் சில பொட்டலங்களே நிற்கும். இருபது பேர் எடுத்தால் தட்டு வெறுமையாகிவிடும், அதைப் பார்ப்பவருக்கும் பயம் தொற்றும். அந்த வாரக் கடைசியில் ஃபேர்பிரைஸ் பேரங்காடி ஒரு வாடிக்கையாளருக்கு அரிசி 2 பை, நூடல்ஸ் 4 கட்டு, தாள் பொருள் 4 பொட்டலம், காய்கறி 50 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை என்று வரம்பு வைத்தது. லாரி கொண்டுவரும் வேகத்துக்கு விற்பனையை இறக்க அதுதான் சரியான வழி. மலேசியா நடமாட்டக் கட்டுப்பாட்டை அறிவித்த மார்ச் 16 அன்றும் இதே காட்சிதான். சரக்குப் போக்குவரத்து நிற்காது என்று தெளிவானதும் கூட்டம் தணிந்தது.

நம் வீடுகளுக்கு முக்கியமான ஒன்று: அரசாங்கத்தின் அரிசி இருப்புத் திட்டத்தில் பொன்னியும் உண்டு. இறக்குமதி செய்பவர்கள் மாத இறக்குமதியைப் போல இரு மடங்கைக் கிடங்கில் வைத்திருக்க வேண்டும். பொன்னி ஒரு வாரம் கண்ணில் படவில்லை என்பதற்காகக் கலங்க வேண்டாம்.

ஈசூன் வாசகி: அப்படியானால் வீட்டில் எதுவுமே சேர்த்து வைக்க வேண்டாமா? நாங்கள் நாலு பேர், மூவறை வீடு, இடமும் குறைவு. மாமியார் நீரிழிவுக்கு இன்சுலின் போடுகிறார்.

வையுங்கள், ஆனால் அமைதியான மாதத்தில் வையுங்கள். இரண்டு வாரத்துக்குப் போதும்.

பெரியவருக்கு ஒரு வேளைக்கு 75 முதல் 100 கிராம் அரிசி. இரண்டு வேளை சோறு உண்ணும் நாலு பேர் வீட்டில் நாளுக்கு 600 முதல் 800 கிராம் ஆகும். 14 நாளுக்கு 8 முதல் 11 கிலோ. அதாவது 5 கிலோ பை இரண்டு. பருப்பு நாளுக்கு 200 கிராம் என்று 3 கிலோ. எண்ணெய் 2 லிட்டர் புட்டி ஒன்று. புளி, உப்பு, மிளகாய்த்தூள் எப்போதும் இருக்கும் அளவே போதும். கோதுமை மாவை மட்டும் 10 கிலோவாக வாங்காதீர்கள். இந்த ஊர் வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் மாவில் சீக்கிரம் வண்டு வைத்துவிடும். கைக்குத்தல் அரிசியும் அப்படித்தான், தவிட்டில் இருக்கும் எண்ணெய் காறிப் போகும். சேமிப்புக்கு வெள்ளைப் பொன்னியோ புழுங்கலோ நல்லது.

வண்டு வராமல் இருக்க: அரிசியை 2 கிலோவாகப் பிரித்துக் கெட்டியான பையில் கட்டி, உறைபெட்டியில் 4 நாள் வையுங்கள். முட்டையும் புழுவும் செத்துவிடும். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்க வேண்டாம். அறைச் சூட்டுக்கு வரட்டும், பிறகு காற்றுப் புகாத டப்பாவில் கொட்டுங்கள். குளிராக இருக்கும்போதே திறந்தால் காற்றின் ஈரம் அரிசியில் படிந்து பூஞ்சை பிடிக்கும். பலர் தவறுவது இந்த இடத்தில்தான். டப்பா மூடியில் வாங்கிய தேதியை எழுதி, பழையதை முதலில் சமைத்து, புதியதை அதன் இடத்தில் வையுங்கள். தனியாக ஒதுக்கி வைத்த மூட்டை எப்போதுமே கெட்டுத்தான் போகும்.

மாமியாரின் மருந்துதான் அரிசியைவிட முக்கியம். கையில் 2 வார மருந்து மிச்சம் இருக்கும்போதே பலதுறை மருந்தகத்தில் அடுத்ததை வாங்கிவிடுங்கள். திறக்காத இன்சுலினைக் குளிர்பதனப் பெட்டியில் 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். உறைபெட்டியில் வைத்தால் வீணாகிவிடும். திறந்தது பெரும்பாலான வகைகளில் 4 வாரம் வரை அறையிலேயே தாங்கும். பெட்டியின் தாளில் உள்ள நாள் கணக்கைப் பாருங்கள். இறைச்சியை அடைத்துக் குளிர்பெட்டியைத் திணித்தால் காற்று சுழலாது, மருந்து இருக்கும் தட்டின் சூடு ஏறும். அதனால் கோழியும் மீனும் ஒரு வாரத்துக்கு மேல் வேண்டாம்.

தோ பாயோ பெரியவர்: தம்பி, நான் ஓய்வு பெற்றவன். வங்கிப் பங்குகளும் ரீட்டும் (வாடகைக்கு விடும் கட்டடங்களில் முதலீடு செய்யும் நிதியின் பங்கு) வைத்திருக்கிறேன். ஈவுத்தொகைதான் கைச்செலவு. அடுத்த நோய் வந்தால் எல்லாவற்றையும் விற்றுவிட வேண்டுமா?

ஐயா, விற்க வேண்டிய கட்டாயம் உங்களுக்கு வருமா என்பதை முதலில் கணக்கிடுவோம். 2020 பிப்ரவரி இறுதியில் சிங்கப்பூர்ப் பங்குச் சந்தையின் ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் குறியீடு 3,000க்குச் சற்று மேலே இருந்தது. மார்ச் 23 அன்று 2,233க்கு இறங்கியது. அடுத்த ஆண்டு மறுபடி 3,000ஐத் தாண்டியது. மார்ச்சில் விற்றவர்கள் எல்லாரும் பயத்தால் மட்டும் விற்றிருக்க மாட்டார்கள். வீட்டுச் செலவுக்குக் காசு இல்லாமலும் சிலர் விற்றிருப்பார்கள்.

ஈவுத்தொகையும் அப்படியே வரும் என்று எண்ண வேண்டாம். 2020 ஜூலை 29 அன்று சிங்கப்பூர் நாணய ஆணையம் உள்ளூர் வங்கிகளைக் கேட்டுக்கொண்டது: 2019ஆம் ஆண்டு தந்ததில் 60 விழுக்காட்டுக்கு மேல் தராதீர்கள் என்று. ரீட்டுகள் வாடகைக்காரர்களுக்குத் தள்ளுபடி தர வேண்டியிருந்தது, பங்குதாரருக்குத் தரும் பகிர்வுத் தொகையும் சுருங்கியது.

மாதச் செலவு 2,000 வெள்ளி, ஈவுத்தொகை மாதம் 900 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். அந்த 900, 540 ஆகக் குறைந்தால் மாதத் துண்டு 1,460. இரண்டு ஆண்டுக்கு 35,040 வெள்ளி. இவ்வளவும் பங்குச் சந்தைக்கு வெளியே இருந்தால் எந்தச் சரிவிலும் நீங்கள் விற்க வேண்டியதில்லை. இதற்குக் குறைவாக இருந்தால் இப்போதே, சந்தை அமைதியாக இருக்கும்போது, கொஞ்சம் விற்று நிரப்பிக்கொள்ளுங்கள்.

அதை எங்கே வைப்பது? மூன்று மாதச் செலவை வங்கிக் கணக்கில். வைப்புக் காப்புறுதி ஒரு வங்கியில் ஒருவருக்கு 1 லட்சம் வெள்ளி வரை உண்டு. மிச்சத்தைச் சிங்கப்பூர்ச் சேமிப்புப் பத்திரத்தில் வைக்கலாம்: குறைந்தது 500 வெள்ளி, எந்த மாதமும் அபராதமின்றி மீட்கலாம், ஒவ்வொரு கோரிக்கைக்கும் 2 வெள்ளி கட்டணம். ஆனால் பணம் அடுத்த மாதத் தொடக்கத்தில்தான் கைக்கு வரும். அதற்காகத்தான் அந்த மூன்று மாதப் பணத்தை வங்கியில் வைக்கச் சொன்னேன்.

அதே பெரியவர்: கம்பெனியே நம்மிடம் பணம் கேட்டால்?

நல்ல கேள்வி ஐயா. 2020 மார்ச் 26 அன்று சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் உரிமைப் பங்கு, அதாவது ஏற்கெனவே பங்கு வைத்திருப்பவருக்குப் புதிய பங்கு வாங்கும் உரிமை, அறிவித்தது. கையில் 100 பங்கு இருந்தால் 3 வெள்ளி விலையில் 150 புதிய பங்கு. கூடவே 1 வெள்ளி முகமதிப்பில் 295 மாற்றுப் பத்திரம் (பிறகு பங்காக மாறும் கடன் பத்திரம்). 1,000 பங்கு வைத்திருந்தவர் முழுதும் எடுக்க 4,500 வெள்ளியும் 2,950 வெள்ளியும், ஆக 7,450 வெள்ளி கட்ட வேண்டியிருந்தது. ரொக்கம் இல்லாதவருக்கு இரண்டு வழிகள்தான் இருந்தன. ஒன்று, குறிப்பிட்ட நாள்களுக்குள் அந்த உரிமையைச் சந்தையில் விற்பது. மற்றது, கண்டுகொள்ளாமல் விட்டு மதிப்பை இழப்பது. இரண்டாவதைச் செய்தவர்களுக்குத்தான் உண்மையான நட்டம். அஞ்சலில் வரும் அந்தத் தடித்த உறையைப் பிரிக்காமல் போடாதீர்கள், கடைசித் தேதியை நாள்காட்டியில் குறியுங்கள்.

பொங்கோல் வாசகர்: அமெரிக்காவில் சந்தையையே நிறுத்தினார்களே, இங்கே அப்படி உண்டா? நட்டத்தைத் தடுக்க ‘ஸ்டாப் லாஸ்’ போட்டால் போதுமா?

அமெரிக்காவில் எஸ் அண்ட் பி 500 குறியீடு 7% இறங்கினால் 15 நிமிட நிறுத்தம், 13 விழுக்காட்டில் மறுபடி, 20 விழுக்காட்டில் அன்றைக்கு மூடல். 2020 மார்ச் 9, 12, 16, 18 ஆகிய நாள்களில் முதல் நிறுத்தம் நடந்தது. இங்கே முழுச் சந்தைக்கான அப்படிப்பட்ட தடை இல்லை. தனித்தனிப் பங்குக்குத்தான். குறைந்தது 5 நிமிடத்துக்கு முந்தைய விலையிலிருந்து 10% தாண்டும் ஆர்டர் வந்தால், 5 நிமிடத்துக்கு அந்த எல்லைக்குள் மட்டுமே வணிகம் நடக்கும். பிறகு புதிய விலையை வைத்துத் தொடரும். 50 காசுக்குக் கீழுள்ள பெரும்பாலான பங்குகளுக்கு இந்தக் காப்பே கிடையாது.

ஸ்டாப் லாஸ் என்பது, விலை நீங்கள் சொன்ன அளவுக்கு இறங்கினால் தானாக விற்கும் ஆர்டர். அது விலைக்கு உத்தரவாதம் அன்று. 2 வெள்ளியில் போட்டிருக்கிறீர்கள். இரவில் அமெரிக்கா சரிகிறது. காலை 9 மணிக்கு இங்கே 1.85 வெள்ளியில் திறக்கிறது. உங்கள் பங்கு 1.85க்குத்தான் போகும். மதியம் 1.98க்குத் திரும்பினாலும் நீங்கள் ஏற்கெனவே வெளியே. அப்படிப்பட்ட நாளில் விலை சொல்லாமல் ஆர்டர் போடவே வேண்டாம். வாங்க உச்ச விலை, விற்கக் குறைந்த விலை எழுதி லிமிட் ஆர்டராகவே போடுங்கள். முதல் அரைமணி நேரத்தில் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடைவெளி பெரிதாக இருக்கும். அவசரமில்லையென்றால் 10 மணிக்குப் பிறகு பாருங்கள்.

ஜூரோங் இளைஞர்: அண்ணே, காண்ட்ராவில் அடிமட்ட விலையில் வாங்கி அடுத்த நாளே விற்றால் லாபம்தானே? கையுறைப் பங்கு வாங்கலாம் என்று நண்பன் சொல்கிறான்.

தம்பி, காண்ட்ராவில் நீங்கள் பணம் கட்டாமல் வாங்கி, கணக்குத் தீர்வுக்குமுன் விற்கிறீர்கள். சிங்கப்பூரில் தீர்வு, அதாவது பணமும் பங்கும் கைமாறுவது, 2 வேலை நாளில். 1.50 வெள்ளியில் 10,000 பங்கு வாங்கினால் 15,000 வெள்ளிக் கடமை. விலை 12% இறங்கி 1.32 ஆனால் 1,800 வெள்ளியும் தரகும் உங்கள் கையிலிருந்து. கட்டாவிட்டால் தரகர் அவரே விற்பார், வந்த விலைக்கு. சரிவு நாளில் உங்களைப் போன்ற பலரின் பங்கும் ஒரே நேரத்தில் விற்கப்படுவதால் அந்த விலை இன்னும் மோசமாகும். 15,000 வெள்ளி வங்கியில் இல்லையென்றால் 15,000 வெள்ளிக்கு வாங்காதீர்கள். இதில் நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

கையுறை, முகக்கவசப் பங்குகள் ஏறியது உண்மை. மெட்டெக்ஸ் நிறுவனத்தின் பங்கு 2020 தொடக்கத்தில் 10 காசுக்கும் கீழே இருந்தது, ஆகஸ்டில் 1 வெள்ளியைத் தாண்டியது. நவம்பர் 9 அன்று ஃபைசர் தடுப்பூசி பலன் தருகிறது என்ற செய்தி வந்தது. மறுநாள் இங்கே கையுறைப் பங்குகள் விழுந்தன, விமானப் பங்குகள் எழுந்தன. அந்தப் பெரிய லாபம் செய்தி ஊருக்குத் தெரியும் முன்பே வாங்கியவர்களுக்கு. நண்பர் சொல்லும் நேரத்தில் விலையில் அந்த நம்பிக்கை முழுதும் ஏறியிருக்கும்.

தங்குவிடுதியிலிருந்து ஓர் ஊழியர்: சந்தை விழுந்தால் ரூபாய் சரியும், அப்போது ஊருக்குப் பணம் அனுப்பினால் அதிகம் கிடைக்கும் என்கிறார்களே?

செய்தியில் சொல்வது அமெரிக்க டாலருக்கு எதிரான ரூபாய். அப்படிப்பட்ட வாரங்களில் சிங்கப்பூர் வெள்ளியும் அமெரிக்க டாலருக்கு எதிராக இறங்குவதுண்டு, அதனால் வெள்ளிக்கும் ரூபாய்க்கும் உள்ள விகிதம் சிறிதே மாறும். வெள்ளி விகிதத்தையும் கட்டணத்தையும் சேர்த்து, வீட்டார் கையில் எத்தனை ரூபாய் வரும் என்று இரண்டு மூன்று இடத்தில் கேட்டுப் பாருங்கள். கடன் வாங்கி அனுப்ப வேண்டாம்.

லிட்டில் இந்தியா மளிகைக் கடைக்காரர்: கூட்டம் வந்தால் நாங்கள் எப்படிச் சமாளிப்பது? எவ்வளவு ஆர்டர் போடுவது?

அண்ணாச்சி, முதல் மணி நேரத்திலேயே வரம்பு எழுதி ஒட்டுங்கள். அரிசிக்கு ஆளுக்கு 2 பை போதும். பாதிச் சரக்கு போன பிறகு வரம்பு வைத்தால் பயம் கூடும். தட்டில் எல்லாவற்றையும் அடுக்காமல் மூன்று நேரமாகப் பிரித்துப் போடுங்கள், வேலை முடிந்து மாலையில் வருபவருக்கும் கிடைக்கும். விலையை ஏற்றாதீர்கள், அந்த வாரத்து 2 வெள்ளிக்காகப் பல வருட வாடிக்கையாளர் போய்விடுவார்.

ஆர்டரில்தான் பெரிய பொறி. அந்த வாரம் 5 கிலோ பை 40 விற்கும் இடத்தில் 160 விற்கும். மொத்த வியாபாரியிடம் 160 என்று சொன்னால், அவர் எல்லாக் கடைக்காரரிடமும் அதையே கேட்டு, இறக்குமதியாளரிடம் இன்னும் கூட்டிச் சொல்வார். சரக்கு வந்து இறங்கும்போது வீட்டில் எல்லாரிடமும் அரிசி இருக்கும். விற்பனை வழக்கத்துக்கும் கீழே போய், சில வாரம் அப்படியே கிடக்கும். அரிசி தாங்கும், ரவை, மாவு, பால் பாக்கெட் தாங்காது. ஆகவே வழக்கமான வாரத்து அளவையே ஆர்டர் போடுங்கள். அதற்குமேல் வேண்டியதை ஒரு வார அளவாக மட்டும், இரண்டு தவணையாகக் கேளுங்கள், இரண்டாவதை நிறுத்தும் உரிமையோடு. கூட்டம் குறைந்த முதல் நாளே அந்த இரண்டாவது தவணையை நிறுத்தச் சொல்லி மொத்த வியாபாரிக்குப் போன் போடுங்கள்.