மாற்கு 9:43-க்குப் பின் எல்லாம் அடிக்குறிப்புக்குள் போகிறதா?

வணக்கம். 43-ஆம் வசனத்துக்குப் பின் மிச்ச அதிகாரம் முழுக்கச் சிறிய எழுத்தில் பக்கத்தின் அடிக்கு இறங்கிவிடுகிறது என்கிறீர்கள். எழுத்துருவில் கை வைக்காதீர்கள். அடிக்குறிப்பு மூடப்படாமல் கிடக்கிறது.

வேதாகம மொழிபெயர்ப்பு மென்பொருளான பாராடெக்ஸ்டில், குறிகள் அப்படியே தெரியும் அன்ஃபார்மேட்டட் காட்சிக்கு மாறி அந்த வரியைப் பாருங்கள். வேதாகம உரைக்குக் குறியிடும் யூஎஸ்எஃப்எம் முறையில் அது இப்படி இருக்க வேண்டும் (குறிகளை ஒலிப்படி எழுதியிருக்கிறேன்; கோப்பில் ஆங்கிலச் சிற்றெழுத்துதான்):

\எஃப் + \எஃப்ஆர் 9:43 \எஃப்டி சில பிரதிகளில் 44-ஆம் வசனமும் உண்டு.\எஃப்*

\எஃப் குறிப்பைத் திறக்கிறது, \எஃப்ஆர் வசன இடத்தையும் \எஃப்டி குறிப்பின் உரையையும் காட்டுகின்றன, \எஃப்* மூடுகிறது. கடைசி நட்சத்திரம்தான் உயிர். அது விழுந்தால் குறிப்பு எங்கே முடிகிறது என்று அச்சுக்கோக்கும் மென்பொருளுக்குத் தெரியாது. அடுத்த பத்தியில் தானாக மூடிக்கொள்ளும் மென்பொருளும் உண்டு. அதனால் திரையில் சரியாகத் தெரிவதை நம்பவேண்டாம். நட்சத்திரத்துக்குப் பின் ஓர் இடைவெளி விடுங்கள், இல்லையேல் அடுத்த சொல் ஒட்டிக்கொள்ளும்.

குறிப்புக்குள் வசன எண்ணைத் தனித்துக் காட்ட, வசனத்தைத் தொடங்கும் குறியான \வி போடவே கூடாது. அது நிஜ வசனமாக எண்ணப்பட்டுவிடும். \எஃப்வி 44\எஃப்வி* என்று எழுதுங்கள்.

திருத்தியதும் குறிகள், அதிகார-வசன எண்கள் ஆகிய இரண்டு சரிபார்ப்புகளையும் ஓட்டுங்கள். 46-ஆம் வசனத்துக்கும் இதே குறிப்பு வரும். நகலெடுத்து ஒட்டியிருந்தால் அதே பிழை 45-இன் முடிவிலும் இருக்கும்.