மின்தடைக்குப் பிறகு நீராவிக் குழாயில் காயம்: இழப்பீடு கேட்கலாமா?

ஆலையில் ஒப்பந்தத் தொழிலாளரான நீங்கள், கையில் பட்ட காயத்துக்கு இழப்பீடு கேட்கலாமா என்று எழுதியிருக்கிறீர்கள். கேட்கலாம். "மின்தடைக்கு யாரும் பொறுப்பில்லை" என்று உங்கள் மேலாளர் சொன்னது சாக்குதான். பல நாடுகளின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டங்களில் நிர்வாகத்தின் தவறை நிரூபிக்க வேண்டியதே இல்லை. வேலையின்போது, வேலை காரணமாகக் காயம்பட்டது என்று காட்டினால் போதும்.

மின்சாரம் வந்ததும் நீராவியைத் திறந்தபோது குழாய் தடதடவென்று அதிர்ந்து, இணைப்பு பிய்ந்து, கை வெந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். பெரும்பாலும் இது வாட்டர் ஹேமர். மின்தடையின்போது ஆறிப்போன குழாயில் நீராவி குளிர்ந்து நீராகத் தேங்கும்; அந்த நீரைப் புதிதாக வரும் நீராவி உந்திக்கொண்டுபோய் வளைவுகளில் மோதவிடும். வடிகால் வால்வைத் திறந்து நீரை வெளியேற்றி, குழாயை மெல்லச் சூடேற்றியிருக்க வேண்டும். ஆலையை மறுபடி இயக்கும் நேரம் எப்போதுமே ஆபத்தானது. 2005இல் அமெரிக்காவின் டெக்சாஸ் சிட்டி எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையில் ஓர் அலகை மறுபடி இயக்கியபோதுதான் வெடித்தது. இறந்த 15 பேரும் உங்களைப் போன்ற ஒப்பந்தத் தொழிலாளர்கள்.

அன்றைய ஷிப்ட் குறிப்பேட்டில் வடிகால் திறந்த நேரம் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். கட்டுப்பாட்டு அறையின் அலாரப் பதிவுகளை அழிக்கக் கூடாது என்று இன்றே எழுத்தில் கேளுங்கள். பழைய பதிவுகள் மேலெழுதப்பட்டுவிடலாம்.

ஒன்று மட்டும்: காயத்தைத் தெரிவிக்கும் கெடு நாட்டுக்கு நாடு மாறும், சில இடங்களில் மிகக் குறைவு. தொழிலாளர் வழக்கறிஞரிடம் காட்டாமல் எந்த ஒப்புதல் தாளிலும் கையெழுத்திட வேண்டாம்.