வி, யு, பரபோலா: கிண்ணம் கடைய எந்தக் காடி உள்ள உளி?

வெள்ளவத்தை வாசகர் ஒருவர் கேட்கிறார்: "ஓய்வு பெற்ற பிறகு சின்ன லேத் ஒன்று வாங்கி மகோகனியிலும் பலாவிலும் கிண்ணம் கடைகிறேன். கிண்ணத்தின் உட்புறம் அடிக்கு வரும்போது உளி கொத்துகிறது. நல்ல பவுல் கௌஜ், அதாவது கிண்ணம் கடையும் உளி, எடுக்கலாம் என்று விசாரித்தால் ஒருவர் வி காடி என்கிறார், ஒருவர் யு என்கிறார், இன்னொருவர் பரபோலா என்கிறார். புறக்கோட்டையில் தெரிந்த தரகர் மூன்றும் அடங்கிய செட் எடுத்துத் தருவாராம். லண்டனில் இருந்து மருமகன் அடுத்த மாதம் வருகிறார். அவரிடம் எதைச் சொல்லிவிடட்டும்?"

மருமகனிடம் ஒரே ஒரு உளியைச் சொல்லுங்கள் ஐயா: 13 மில்லிமீற்றர் தண்டு, பரபோலா காடி, எம்2 ஹை ஸ்பீட் ஸ்டீல். தரகரின் செட்டை மறந்துவிடுங்கள்.

உளித் தண்டில் நீளவாக்கில் ஓடும் பள்ளம்தான் காடி. அந்தப் பள்ளம் எப்படி வளைகிறதோ, சாணை பிடித்தபின் வெட்டும் விளிம்பும் அதற்கேற்பத்தான் வளையும். வி காடிக்கு அடி ஒடுக்கம், பக்கங்கள் நேர். விளிம்பின் நடு முனைதான் மூக்கு, அதன் இரு பக்கமும் சிறகு. இரண்டு சிறகையும் பின்னுக்கு இழுத்துச் சாணை பிடிக்கும் முறை ஒன்று உண்டு, எல்ஸ்வர்த் கிரைண்ட், ஐரிஷ் கிரைண்ட் என்பதெல்லாம் அந்த வகைதான். அப்படிப் பிடித்தால் வி காடியின் சிறகு நேராக வரும். கிண்ணத்தின் வெளிப்புறத்தை இழுத்துச் சீவ நல்ல வசதி. ஆனால் மூக்கு கூராகிவிடும். உட்புற வளைவில் அந்த மூக்கு கோடு கோடாகத் தடம் விடும். ஒடுங்கிய அடியில் பச்சை மரத்தின் ஈரச் சீவல் போய் அடைத்துக்கொள்ளும். சாணையில் கொஞ்சம் கை பிசகினாலும் மூக்குக்கும் சிறகுக்கும் நடுவே பள்ளம் விழுந்துவிடும்.

யு காடிக்கு அடி அகலம், பக்கங்கள் நிமிர்ந்தவை. மூக்கு அகன்ற வளைவாக இருப்பதால் கிண்ணத்தின் அடியில் வடிவாக வழுக்கிக்கொண்டு போகும். சிறகை நீளமாகப் பின்னுக்கு இழுக்கும் சாணைக்கு அது அவ்வளவு ஒத்துவராது. பரபோலாவில் அடியின் வளைவு மெல்ல மெல்ல நிமிர்ந்து பக்கமாக மாறும், நடுவில் மூலை என்று ஒன்று கிடையாது. அதனால் மூக்கில் இருந்து சிறகு வரை விளிம்பு ஒரே ஓட்டமாக வரும். கை இன்னும் பழகாதவருக்கு அதுதான் பாதுகாப்பு.

இனி உங்கள் கொத்தலுக்கு வருவோம். காடியை விட அதில் சரிவுக்குத்தான் பெரிய பங்கு. விளிம்புக்குப் பின்னால் சாய்வாகச் சாணை பிடித்த முகம்தான் சரிவு. சரிவு மரத்தில் உரசிக்கொண்டிருக்கும் வரை விளிம்புக்கு ஆதாரம் உண்டு. சுவர் முடிந்து அடிக்குத் திரும்பும் இடத்தில் தண்டு கிண்ணத்தின் வாயில் முட்டும், சரிவு மரத்தை விட்டு எழும்பும், ஆதாரம் போன விளிம்பை மரம் இழுத்துக்கொள்ளும். உங்கள் உளியின் சரிவு 40 பாகையில் இருந்தால் இது நடந்தே தீரும். 55 பாகைக்கு மாற்றிச் சாணை பிடியுங்கள். சரிவின் கீழ்க் குதியையும், அதாவது விளிம்புக்கு எதிர்ப்பக்க ஓரத்தையும், கொஞ்சம் தேய்த்து எடுத்துவிடுங்கள். கொத்தல் பெரும்பாலும் அடங்கிவிடும்.

ஒரே உளி போதும் என்றேன். இதற்கு ஒரு விலக்கு இருக்கிறது. 25 சென்றிமீற்றர் அகலமும் 7 சென்றிமீற்றர் ஆழமும் உள்ள கிண்ணத்துக்கு அந்த ஒரு உளி தாராளம். ஆழம் 12 சென்றிமீற்றரைத் தாண்டி, சுவரும் உரல் போல நிமிர்ந்து நின்றால் 55 பாகை கூட அடியில் எட்டாது. அப்போதுதான் இரண்டாவது உளி வேண்டும்: யு காடி, 70 பாகை, சிறகை இழுக்காத சாதாரணச் சாணை. சுவரைப் பரபோலாவால் முடித்துவிட்டு, திருப்பத்தில் இருந்து நடு மையம் வரை மட்டும் இதைப் பிடிக்க வேண்டும். அதே 12 சென்றிமீற்றர் ஆழம் என்றாலும் சுவர் தாமரை இலை போல வெளியே விரிந்திருந்தால் இது தேவையில்லை, தண்டுக்கு இடம் கிடைத்துவிடும். ஆக, ஆழத்தை மட்டும் அளந்து பார்த்து முடிவெடுக்க முடியாது. ஆழமும் சுவரின் நிமிர்வும் சேர்ந்து வந்தால்தான் இந்தச் செலவு.

காடியைப் பற்றி இவ்வளவு போதும். எனக்கு உண்மையில் பயம் தருவது அந்தச் செட்தான். மரப்பெட்டியில் எட்டு உளி அடுக்கிக் கொண்டுவருவார்கள். அதில் அகலமான, ஆழமான ஒன்றைத் தூக்கிக் காட்டி "இதுதான் யு காடி" என்பார்கள். அது ரஃபிங் கௌஜ். கதிரைக்கால், கட்டில்கால் போன்ற நீளக் கட்டையை உருட்டி எடுப்பதற்கு உள்ளது. கிண்ணத்துக்குக் கிட்டவும் கொண்டுபோகக் கூடாது. பவுல் கௌஜ் உருண்டைக் கம்பியில் காடி வெட்டிச் செய்வது, பிடிக்குள்ளும் அதே தடிப்பில் போகும். ரஃபிங் கௌஜ் பிடிக்குள் ஒரு தட்டையான வாலாக ஒடுங்கிப் போகும். கிண்ணக் கட்டையில் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு தடவை வெட்டுமுனை நார் உளியின் எதிரே வந்து மோதும். அந்த அடியை வால் தாங்காது. எனக்குத் தெரிந்த இளைஞன் ஒருவன் செட்டில் வந்த உளியைப் பலாக் கட்டையில் வைத்தான். முன்துண்டு கூரைத் தகரத்தைப் பிய்த்துக்கொண்டு போனது. கையில் மிஞ்சிய பிடியில் முறிந்த வாலைப் பார்த்தேன், என் சுண்டுவிரல் நகத்தின் அகலம்கூட இல்லை. அரை அடி தள்ளிப் போயிருந்தால் அவன் முகம்.

உருக்கிலும் ஏமாற்று நடக்கிறது. ஹை ஸ்பீட் என்று பொறித்துக் கார்பன் உருக்கை விற்கிறார்கள். பழைய சோனகத் தெருவிலோ வேறெங்கோ வாங்குவதென்றால், கடையில் கிரைண்டர் இருக்கும், வால் பக்கத்தைக் கல்லில் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். கார்பன் உருக்கு மத்தாப்பு போல வெள்ளையாகப் பூத்துச் சிதறும். ஹை ஸ்பீட் ஸ்டீலின் பொறி மங்கலான செம்மஞ்சளாகக் குறைவாகப் பறக்கும். தொட்டுக் காட்ட மறுத்தால் எழும்பி வாருங்கள். கார்பன் உருக்கு சாணையில் நீலமானால் அந்த இடத்தில் பதம் போய்விட்டது. ஹை ஸ்பீட் 500 பாகை செல்சியசுக்கு மேலும் கடினம் குறையாமல் நிற்கும். ஆனால் சூட்டோடு தண்ணீரில் தோய்க்க வேண்டாம், நுண்ணிய வெடிப்பு விழும். கோபால்ட் கலந்த எம்42 என்று இன்னும் விலை ஏற்றுவார்கள். மகோகனிக்கும் பலாவுக்கும் எம்2 போதும். தேக்கு நிறையக் கடைபவர் வேண்டுமானால் யோசிக்கலாம், தேக்கில் உள்ள சிலிக்கா உளியின் கூர்மையைச் சீக்கிரம் தின்றுவிடும்.

அளவு விஷயத்தில் எனக்குப் பொறுமையே போய்விட்டது. பிரித்தானியத் தயாரிப்பாளர் காடியின் அகலத்தைக் கணக்கிட்டு 3/8 அங்குலம் என்பார். அதே உளியைத் தண்டின் தடிப்பை வைத்து அமெரிக்கர் 1/2 அங்குலம் என்பார். இத்தனை ஆண்டாகியும் இதை ஒரு முறைக்குள் கொண்டுவர ஆளில்லை. காடி எந்த வடிவம் என்று பெட்டியில் அச்சிடுவதும் அபூர்வம். லண்டனில் "அரை அங்குலம்" என்று கேட்டால் மருமகன் 16 மில்லிமீற்றர் தண்டோடு வந்து நிற்பார், உங்கள் சின்ன லேத்துக்கு அது பாரம். ஆகவே "தண்டு 13 மில்லிமீற்றர்" என்று எழுதி அனுப்புங்கள். ஷெஃபீல்ட் நகரத்து உளி கிடைத்தால் நல்லது. கைப்பையில் வைக்காமல் பெட்டிக்குள் போடச் சொல்லுங்கள், விமான நிலையத்தில் பறித்துவிடுவார்கள்.

உளி வந்ததும் காடிக்குள் ஒரு சொட்டு எண்ணெய் தடவி, பிசைந்த கோதுமை மாவை அழுத்தி நிரப்பி, பிளேடால் குறுக்கே வெட்டி, துண்டை மெதுவாகக் கிளப்பி எடுங்கள். வெட்டு முகத்தைப் பார்த்தால் வியா, யுவா, பரபோலாவா என்று உங்களுக்கே தெரியும்.

கிரைண்டரோடு வந்த சாம்பல் கல்லைக் கழற்றி, 80 இலக்க வெள்ளை அலுமினியம் ஒக்சைட் கல்லைப் போடுங்கள். அதுவரை புது உளியைச் சாணைக்குக் கொண்டுபோக வேண்டாம்.