கற்பனைச் சாகசத் தொடர்களில் காலப்பயணத்தைச் சிறப்பாகக் கையாண்ட அத்தியாயம் எது?

என் பதில்: ‘ஜீனா: வாரியர் பிரின்சஸ்’ தொடரின் இரண்டாம் சீசனில் இரண்டாவதாக வந்த ‘ரிமெம்பர் நத்திங்’. 1996-இல் ஒளிபரப்பானது. கால இயந்திரம் எதுவும் இதில் வராது. அப்படியானால் இது காலப்பயணமா என்று கேட்பவர்கள் உண்டு. ஒருத்தி என்றோ எடுத்த முடிவை அழித்துவிட்டு, அதனால் அடியோடு மாறிப்போன இன்றைய நாளில் அவளைக் கொண்டுபோய் நிறுத்துகிறார்கள். காலப்பயணக் கதையிடம் நான் எதிர்பார்ப்பது இதைத்தான்.

தொடரைப் பார்க்காதவர்களுக்கு இரண்டு வரி. களம் பழங்கால கிரேக்கம். ஜீனா (லூசி லாலெஸ்) ஒரு காலத்தில் ஊர்களைச் சூறையாடிய படைத்தலைவி. இப்போது மனம் திருந்தி, கேப்ரியல் (ரெனே ஓ'கானர்) என்ற தோழியோடு ஊர் ஊராகப் போய் எளியவர்களைக் காக்கிறாள். தன் ஊரான ஆம்பிபொலிஸைக் காப்பாற்ற அவள் முதன்முதலில் வாளெடுத்தபோது, தம்பி லைசியஸைப் பறிகொடுத்தவள்.

அந்தத் தம்பியின் நினைவு நாளில் அத்தியாயம் தொடங்குகிறது. விதியின் தேவியர் மூவரின் கோயிலை ஒரு கும்பல் தாக்குகிறது. கிரேக்கப் புராணத்தில் உயிரின் நூலை ஒருத்தி நூற்கிறாள், இன்னொருத்தி அளக்கிறாள், மூன்றாமவள் அறுக்கிறாள், அந்த மூவர்தான். கோயிலைக் காக்கும் சண்டையில் ஜீனாவின் வாளுக்கு ஒரு சிறுவன் பலியாகிறான். அவள் நொறுங்கிப்போகிறாள். கோயிலைக் காத்ததற்குக் கைம்மாறாகத் தேவியர் வரம் தர முன்வரும்போது, வாளையே எடுத்திராத வாழ்க்கை வேண்டும் என்கிறாள். கிடைக்கிறது. ஒரே ஒரு நிபந்தனை: கோபத்தில் ஒரு சொட்டு ரத்தம் சிந்தினாலும் எல்லாம் பழையபடி ஆகிவிடும்.

இந்த நிபந்தனையில்தான் எழுத்தாளர்களின் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது. வாரந்தோறும் ஜீனாவின் சண்டையைப் பார்க்கத்தான் நாம் உட்காருகிறோம். இங்கே அவள் வாளை உருவினால் தம்பி மறுபடி செத்துப்போவான். முரடர்கள் அவளைச் சீண்டும்போதெல்லாம் ‘அடி, அடி’ என்று நம் மனம் துடிக்கிறது. அடுத்த நொடியே ‘வேண்டாம், வேண்டாம்’ என்று பதறுகிறது. தொடரின் வழக்கமான இன்பத்தையே ஆபத்தாக மாற்றிக் காட்டியிருக்கிறார்கள். காலப்பயணத்துக்கு எத்தனையோ சிக்கலான விதிகள் வகுத்த தொடர்கள் உண்டு. ஒற்றை வரியில் அடங்கும் இந்த விதிக்கு ஈடாக எதையும் என்னால் சொல்ல முடியவில்லை.

அவள் கேட்ட வாழ்க்கை சும்மாவும் வரவில்லை. தம்பி உயிரோடு இருக்கிறான், ஆனால் தாய் இறந்துவிட்டாள். எதிர்த்து நிற்க ஆளில்லாத ஊர், கொடியவர்களின் பிடியில் கிடக்கிறது. வாய் ஓயாமல் கதை சொல்லும் கேப்ரியல் இங்கே ஓர் அடிமை. கண்ணில் வெறுப்பைத் தவிர ஒன்றும் இல்லை. ரெனே ஓ'கானரின் குரலே வேறாக ஒலிக்கும். கடைசியில் அந்த கேப்ரியல் தன் எஜமானனைக் கொன்றுவிடுகிறாள். ஜீனா அவள் முகத்தைப் பார்க்கிறாள். அந்த ஒரு பார்வையிலேயே முடிவு எடுக்கப்பட்டுவிடுகிறது: ஜீனா தெரிந்தே ரத்தம் சிந்துகிறாள், தம்பியை இரண்டாம் முறை இழக்கிறாள். வசனத்தால் விளக்கிக் கெடுக்காமல் விட்டார்களே, அதற்கே அவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும்.

ஒப்பிட்டுப் பார்க்க இதன் சகோதரத் தொடரிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. ‘ஹெர்குலிஸ்’ தொடரில் 1998-இல் இரண்டு பகுதிகளாக வந்த ‘ஆர்மகெடான் நவ்’. ஹெர்குலிஸ் பிறக்கவே கூடாது என்று அவன் தாயைக் கொல்லக் கடந்த காலத்துக்குப் போகிறாள் கலிஸ்டோ; ஜீனாவின் படை தன் ஊரைத் தாக்கியபோது சிறுவயதிலேயே குடும்பத்தை இழந்து, பழிவெறியில் வளர்ந்த வில்லி. போன இடத்தில் தன் பெற்றோரையும் காப்பாற்ற முயல்கிறாள். அவள் கையாலேயே அவர்கள் மடிகிறார்கள். கலங்க வைக்கும் காட்சி. ஹெர்குலிஸ் இல்லாத உலகில் ஜீனா திருந்தாமல் கொடுங்கோல் அரசியாக வளர்ந்து நிற்பதும் பொருத்தமானது, ஏனென்றால் அவளைத் திருத்தியவனே ஹெர்குலிஸ்தான். ஆனால் ஒரே கதையில் இரண்டு நியாயங்கள் ஓடுகின்றன. ஹெர்குலிஸ் விஷயத்தில் கடந்த காலத்தை மாற்ற முடிகிறது. கலிஸ்டோவின் குடும்பத்தை மட்டும் எது செய்தாலும் காப்பாற்ற முடிவதில்லை. ஏன் என்பதற்குக் கதையில் விடை கிடையாது. பரபரப்பில் இது உறைக்காது, நிதானமாக யோசித்தால் நெருடும். ‘ரிமெம்பர் நத்திங்’கில் அப்படி ஒரு நெருடல் எனக்கு இல்லை.

பார்க்க நினைப்பவர்களுக்கு ஒரு யோசனை. முதல் சீசனில் சில அத்தியாயங்களையாவது பார்த்துவிட்டு இதற்கு வாருங்கள்; சிரித்துப் பேசும் கேப்ரியலைத் தெரிந்திருந்தால்தான் அடிமை கேப்ரியல் வலிப்பாள். பிறகு, 1997-இல் வந்த மூன்றாம் சீசனின் ‘தி டெலிவரர்’ அத்தியாயத்தையும் பாருங்கள். தோழியின் கையில் ரத்தம் படியக் கூடாது என்பதற்காகத்தானே ஜீனா தன் தம்பியையே விட்டுக்கொடுத்தாள்? அந்த அத்தியாயத்தில், எந்த வரத்தாலும் மாற்றப்படாத நிஜ வாழ்க்கையில், கேப்ரியல் முதன்முறையாக ஓர் உயிரைக் கொல்கிறாள்.