இருபது விழுக்காடு யார் கைக்கு? பெருந்தொற்று உடன்படிக்கை பற்றிக் கேள்வி பதில்

உலகச் சுகாதார நிறுவனத்தின் பெருந்தொற்று உடன்படிக்கை குறித்து வந்த கேள்விகளுக்கு, அனைத்துலகச் சுகாதாரச் சட்டத்தில் தேர்ந்த நம் உறுப்பினர் பதில் தருகிறார்.

தொடக்கக்கல்லூரி மாணவி, ஈசூன்: அக்கா, பொதுத்தாளுக்குப் படிக்கிறேன். உடன்படிக்கை நிறைவேறிவிட்டது என்கிறார்கள். பேச்சுவார்த்தை முடியவில்லை என்றும் எழுதுகிறார்கள். எது சரி?

இரண்டும் சரிதான் தங்கச்சி. 2021 டிசம்பரில், உலகச் சுகாதார நிறுவனத்தின் உறுப்பு நாடுகள் கூடி முடிவெடுக்கும் சுகாதாரப் பேரவை சிறப்புக் கூட்டம் போட்டுப் பேச்சுவார்த்தைக் குழுவை அமைத்தது. 2025 ஏப்ரல் 16ஆம் தேதி வாசகம் முடிவானது. மே 19 அன்று குழு நிலையில் 124 நாடுகள் ஆதரித்தன, எதிர்ப்பு இல்லை, 11 நாடுகள் ஒதுங்கி நின்றன (ரஷ்யா, இத்தாலி, போலந்து, ஈரான் அவற்றுள் அடங்கும், சிங்கப்பூர் இல்லை). மறுநாள் பேரவை ஏற்றுக்கொண்டது.

ஆனால் 12ஆம் பிரிவை, அதாவது கிருமி மாதிரிகளைப் பகிர்ந்து பலனையும் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாட்டை, தனி இணைப்புக்குத் தள்ளிவிட்டார்கள். அதைத் தயாரித்து 2026 மே பேரவைக்குக் கொண்டுவரும்படி வேறொரு குழுவிடம் ஒப்படைத்தார்கள். இணைப்பு ஏற்கப்பட்ட பிறகுதான் கையெழுத்துக்கே திறப்பார்கள். அதன் பின் 60 நாடுகள் உறுதிசெய்தால்தான் சட்டமாக உயிர்பெறும். கட்டுரையில் இந்தப் படிகளைப் பிரித்து எழுதுங்கள். புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையை ஒப்பிட்டுக் காட்டலாம்: 2003இல் ஏற்கப்பட்டு 2005இல் நடப்புக்கு வந்தது.

தாதி, செங்காங்: மருந்து நிறுவனங்கள் 20 விழுக்காடு தடுப்பூசியை ஏழை நாடுகளுக்கு இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. உண்மையா?

பாதி உண்மை. பெருந்தொற்று நெருக்கடி அறிவிக்கப்பட்டால், ஏற்பாட்டில் சேர்ந்த உற்பத்தியாளர்கள் தங்கள் உற்பத்தியில் 20 விழுக்காட்டை உலகச் சுகாதார நிறுவனத்துக்குக் கிடைக்கச் செய்ய வேண்டும் என்பது இலக்கு. மொத்த உற்பத்தியில் குறைந்தது 10 விழுக்காடு நன்கொடை, 20இல் மீதி கட்டுப்படியாகும் விலையில். தடுப்பூசிக்கு மட்டுமல்ல, மருந்துக்கும் பரிசோதனைக் கருவிக்கும் இது பொருந்தும்.

எல்லாரும் எண்ணைப் பிடித்துக்கொண்டு சண்டை போடுகிறார்கள். என் கணக்கில் எண்ணைவிட முக்கியமானவை இரண்டு.

முதலாவது, எப்போது தருவது. வாசகம் சொல்வது, உற்பத்தியாக ஆக அவ்வப்போது பிரித்துத் தருவதை. கொவிட் தடுப்பூசியை ஏழை நாடுகளுக்கும் கொண்டுசேர்க்க அமைத்த கோவேக்ஸ் திட்டம் தடுக்கி விழுந்தது இந்த இடத்தில்தான். 2021 முடிவதற்குள் 2 பில்லியன் தடுப்பூசி என்று இலக்கு வைத்தார்கள். முதல் பில்லியனைத் தொட்டதே 2022 ஜனவரியில். பணக்கார நாடுகள் முன்கூட்டியே ஒப்பந்தம் போட்டு வரிசையின் முன்னால் நின்றன. கோவேக்ஸ் பெரிதும் நம்பியிருந்த இந்தியாவின் சீரம் நிறுவனத்திலிருந்து ஏற்றுமதி, 2021 மார்ச்சில் இந்தியாவிலேயே தொற்று ஏறியதும் நின்றுபோனது. ஒரே ஆலையை, ஒரே நாட்டை நம்பினால் இதுதான் கதி. பத்து மாதம் கழித்துக் கிடைக்கும் 20 விழுக்காட்டைவிட முதல் மாதமே கிடைக்கும் 5 விழுக்காடு அதிக உயிர்களைக் காக்கும். மருத்துவமனை ஊழியர்களுக்கும் முதியோருக்கும் முதலில் போட்டுவிடலாம்.

இரண்டாவது, யார் கையெழுத்துப் போடுவது. உடன்படிக்கை நாடுகளைக் கட்டுப்படுத்தும், மருந்து நிறுவனத்தை நேரடியாகக் கட்டுப்படுத்தாது. மருந்து நிறுவனம் உலகச் சுகாதார நிறுவனத்துடன் தனி ஒப்பந்தம் செய்ய வேண்டும். எதற்காகச் செய்யும்? கிருமி மாதிரி வேண்டும் என்பதற்காக. ஓட்டை இங்கேதான். எம்ஆர்என்ஏ தடுப்பூசிக்கு (ஃபைசர், மொடர்னா வகை) உயிருள்ள கிருமியே தேவையில்லை, அதன் மரபணு வரிசை போதும். 2020 ஜனவரி 11 அன்று கொவிட் கிருமியின் வரிசை இணையத்தில் வெளியானது; மார்ச் 16 அன்று மொடர்னாவின் முதல் ஊசி மனிதருக்குப் போடப்பட்டது. பெயர் சொல்லாமல் யார் வேண்டுமானாலும் வரிசையைப் பதிவிறக்கலாம் என்றால், எவரும் ஒப்பந்தத்துக்கு வர வேண்டிய அவசியமே இல்லை.

அதனால்தான் ஆப்பிரிக்க நாடுகளும் மற்ற வளரும் நாடுகளும் பயனாளர் பதிவைக் கேட்கின்றன. ஆய்வின் வேகம் குறையும் என்பது எதிர்த்தரப்பின் வாதம். அந்த வாதம் எனக்கு வலுவாகத் தெரியவில்லை. கொவிட் வரிசைகளை உலகமே பகிர்ந்துகொண்ட கிஸ்எய்ட் தளத்தில் அடையாளம் தந்து, நிபந்தனைகளை ஏற்றால்தான் உள்ளே போக முடியும். நம் அரசு ஆய்வு அமைப்பான ஏ-ஸ்டாரின் ஆய்வாளர்களும் அந்தத் தளத்துக்குத் துணைநிற்பவர்கள். பதிவு செய்ததால் ஆய்வு நின்றுவிடவில்லை.

ஜூரோங் வாசகர்: கிருமியை வைத்துப் பேரம் பேசுவது நியாயமா அக்கா?

நம் பக்கத்து வீட்டில் தொடங்கிய பேரம் அண்ணே. 2007இல் இந்தோனீசியா எச்5என்1 பறவைக் காய்ச்சல் மாதிரிகளைத் தர மறுத்தது. தாங்கள் தரும் மாதிரியிலிருந்து செய்யும் தடுப்பூசியைத் தாங்களே வாங்க முடியாது என்பது அவர்கள் ஆதங்கம். நான்கு ஆண்டு இழுபறிக்குப் பிறகு 2011இல் சளிக்காய்ச்சலுக்கு மட்டும் ஒரு பகிர்வு ஏற்பாடு வந்தது. அதன்படி நிறுவனங்கள் ஆண்டுதோறும் பங்குத்தொகை கட்டுகின்றன. பெருந்தொற்று வந்தால் தடுப்பூசியில் ஒரு பங்கு தர முன்கூட்டியே ஒப்புக்கொள்கின்றன. கொவிட் சளிக்காய்ச்சல் கிருமி அல்ல என்பதால் அந்த ஏற்பாடு 2020இல் உதவவில்லை. மாதிரியைப் பூட்டி வைப்பது ஆபத்து என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் மறுத்திராவிட்டால் 2011 ஏற்பாடே வந்திருக்காது.

வாடகை வாகன ஓட்டுநர், தோ பாயோ: இனிமேல் ஜெனீவாவிலிருந்து உத்தரவு வந்தால் இங்கே எல்லாம் மூடணுமா?

இல்லை அண்ணே. முடக்கம், கட்டாயத் தடுப்பூசி, பயணத் தடை என எதையும் உத்தரவிடும் அதிகாரம் உலகச் சுகாதார நிறுவனத்துக்கு இல்லை என்று உடன்படிக்கையிலேயே எழுதியிருக்கிறது. 2020இல் நாம் பார்த்த சர்க்கிட் பிரேக்கர் முடக்கம் நம் நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தின்கீழ் வந்தது.

ஆசிரியர், பொங்கோல்: ஒரு நாடு தொற்றை மறைத்தால் என்ன தண்டனை?

தண்டனை எதுவும் இல்லை. இருப்பது கடமை மட்டும். அதுவும் இந்த உடன்படிக்கையில் இல்லை, அனைத்துலகச் சுகாதார விதிமுறைகளில் இருக்கிறது. அதன் இரண்டாம் இணைப்பில் நான்கு கேள்விகள்: பாதிப்பு கடுமையா, வழக்கத்துக்கு மாறானதா, எல்லை தாண்டுமா, பயண வணிகத் தடைகள் வரக்கூடுமா. இரண்டுக்கு ஆம் என்றால், மதிப்பிட்டு முடித்த 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். சார்ஸ், பெரியம்மை போன்றவற்றுக்குக் கேள்வியே கிடையாது, ஒரு நோயாளி இருந்தாலும் சொல்லியாக வேண்டும்.

2024இல் திருத்திய விதிமுறைகள் 2025 செப்டம்பர் 19 முதல் நடப்பில் உள்ளன. ‘பெருந்தொற்று நெருக்கடி’ என்ற புதிய எச்சரிக்கை நிலையும், நடைமுறையைக் கவனிக்க உறுப்பு நாடுகளின் குழுவும் அதில் சேர்ந்தன. அமெரிக்கா அந்தத் திருத்தங்களை நிராகரித்துவிட்டது. ஆண்டுதோறும் தரும் சுயமதிப்பீடு கட்டாயம். வெளி நிபுணர்கள் வந்து பார்ப்பது விருப்பத்தைப் பொறுத்தது. சிங்கப்பூர் 2018இல் அதற்கு உட்பட்டது. தனக்குத் தானே மதிப்பெண் போடும் முறையில் எந்த நாடு தோற்கும் சொல்லுங்கள்?

மறைப்பவரைத் தண்டிப்பதைவிட, சொல்பவரைத் தண்டிக்காமல் இருப்பது அவசரம் என்பேன். 2021 நவம்பரில் தென்னாப்பிரிக்கா ஒமிக்ரானைக் கண்டு உடனே அறிவித்தது. ஓரிரு நாளில் பல நாடுகள் அதற்குக் கதவடைத்தன. சிங்கப்பூரும்தான். அடுத்த முறை எந்த நாட்டு அமைச்சரும் ஒரு முறைக்கு இருமுறை யோசிப்பார்.

சரக்கு நிறுவன ஊழியர், சாங்கி: நன்கொடைத் தடுப்பூசிகளைக் குப்பையில் கொட்டினார்களே, எங்கே தவறு?

பெரும்பாலும் தேதியில். 2021 டிசம்பரில் நைஜீரியா பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட அஸ்ட்ராஸெனெகா தடுப்பூசிகளை அழித்தது. வந்து இறங்கும்போதே காலாவதிக்குச் சில வாரங்கள்தான் பாக்கி. கிராமம் வரை கொண்டுபோக, ஆள் அமர்த்த, மக்களுக்குச் சொல்ல அந்த நேரம் போதாது. அதற்குச் சற்று முன்பு, 2021 நவம்பர் கடைசியில், கோவேக்ஸும் ஆப்பிரிக்க அமைப்புகளும் கூட்டாகக் கேட்டவை இவை: இறங்கும்போது குறைந்தது 10 வாரம் ஆயுள் இருக்க வேண்டும், 4 வாரத்துக்கு முன்பே அறிவிக்க வேண்டும், ஊசிக்குழல், கரைப்பான், விமானக் கட்டணம் எல்லாம் சேர்ந்தே வர வேண்டும்.

ஊசிக்குழல் சின்ன விஷயமல்ல. வழக்கமான திட்டங்களில் 0.5 மில்லி குழல் பயன்படுகிறது, ஃபைசருக்கு 0.3 மில்லி வேண்டும். குழல் வராவிட்டால் மருந்து குளிர்பெட்டியில் கிடக்கும், அதன் ஆயுள் ஓடிக்கொண்டே இருக்கும்.

நல்ல முன்மாதிரியும் உண்டு. 2021 செப்டம்பரில் சிங்கப்பூர் 5 லட்சம் ஃபைசர் தடுப்பூசிகளை ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பியது. அதே அளவை ஆஸ்திரேலியா ஆண்டு இறுதியில் திருப்பித் தந்தது. யாருக்கும் நட்டமில்லை, மருந்தும் வீணாகவில்லை. இப்படிப்பட்ட மாற்றுக்கு முன்கூட்டியே ஒப்பந்த மாதிரி தயாராக இருந்தால் ஏழை நாடுகளுக்கும் கைகொடுக்கும்.

பட்டதாரி மாணவர், கிளமெண்டி: காப்புரிமையைத் தூக்கிவிட்டால் எல்லாம் சரியாகிவிடாதா?

2020 அக்டோபரில் இந்தியாவும் தென்னாப்பிரிக்காவும் கேட்டது அதைத்தான். உலக வணிக நிறுவனம் 2022 ஜூனில் கொடுத்தது தடுப்பூசிக்கு மட்டுமான ஒரு தளர்வு, ஐந்தாண்டுக்கு. மருந்துக்கும் பரிசோதனைக்கும் நீட்டிக்க ஒப்புதல் கிடைக்கவில்லை. அதோடு எம்ஆர்என்ஏவில் காப்புரிமைத் தாளைப் படித்து மருந்து செய்துவிட முடியாது. கொழுப்புத்துகள் கலவை, தரச் சோதனை, பயிற்சி பெற்ற ஆட்கள் வேண்டும். புதிய உடன்படிக்கை தொழில்நுட்பப் பகிர்வை ஊக்குவிக்கிறது, ஆனால் இரு தரப்பும் மனமொப்பி ஏற்ற நிபந்தனைகளில். வளரும் நாடுகள் அதிகம் விட்டுக்கொடுத்த இடம் இது.

இல்லத்தரசி, உட்லண்ட்ஸ்: இதற்கெல்லாம் பணம் யார் தருவது?

நம் அதிபர் தர்மன் சண்முகரத்னம், மூத்த அமைச்சராக இருந்தபோது கூட்டுத்தலைவராக வழிநடத்திய ஜி20 குழு, ஆண்டுக்குக் குறைந்தது 15 பில்லியன் அமெரிக்க டாலர் கூடுதலாக வேண்டும் என்று 2021இல் கணக்கிட்டது. 2022இல் உலக வங்கியில் பெருந்தொற்று நிதி தொடங்கப்பட்டது. சேர்ந்த தொகை அந்தக் கணக்குக்கு அருகில்கூட வரவில்லை.

மருந்தாளர், தெம்பனிஸ்: 12ஆம் பிரிவுக்கான இணைப்பின் வாசகம் கையில் கிடைத்தால் முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

மரபணு வரிசைத் தரவுத்தளத்தில் நுழைய அடையாளம் கேட்கிறார்களா என்று பாருங்கள். அடுத்து, நிறுவனங்களுடனான ஒப்பந்தம் நெருக்கடிக்கு முன்பே கையெழுத்தாகுமா, வந்த பிறகா என்று தேடுங்கள். வந்த பிறகு என்றால் 2021 மறுபடியும்தான். பெருந்தொற்றாக மாறும் முன், தொற்று ஒரு வட்டாரத்தில் மட்டும் இருக்கும்போது ஏதாவது கிடைக்குமா என்பதையும் கவனியுங்கள். ஒப்பந்தத்தை மீறினால் வழக்கு எங்கே, எந்தச் சட்டப்படி என்ற பத்தியைப் பெரும்பாலும் கடைசிப் பக்கத்தில் வைப்பார்கள். அதை விட்டுவிடாதீர்கள்.