வேலை பார்த்த இன்ஜினை மறுபடி இறக்கும்போது: கேள்வி பதில்

கேள்வி: அண்ணே, என்னுடையது டாட்டா 1613, கம்மின்ஸ் ஆறு சிலிண்டர். இன்ஜின் வேலை பார்த்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ஆயில் குடிக்கிறது, ஏற்றத்தில் நீலப்புகை தள்ளுகிறது. இன்ஜினை மறுபடியும் இறக்கிப் பிரிக்கத்தான் வேண்டுமா?

பதில்: அவசரப்படாதீர்கள் தம்பி, முதலில் டர்போவை, அதாவது இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் பாகத்தைப் பாருங்கள். அதன் ஏர் பைப்பைக் கழற்றினால் உள்ளே ஆயில் வழிகிறதா, ஷாஃப்ட் ஆட்டம் கொடுக்கிறதா? அங்கே எல்லாம் சரியாக இருந்து, இன்ஜின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் குபுகுபுவென்று புகை வந்தால், சிலிண்டரில் அழுத்தப்படும் காஸ் ரிங்கைத் தாண்டிக் கீழே இறங்குகிறது. அப்போது இறக்கித்தான் ஆக வேண்டும்.

இறக்கினால், கழற்றிய பேரிங், ரிங், பிஸ்டன் எதையும் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். எந்த சிலிண்டருடையது என்று எழுதி வரிசையாக அடுக்குங்கள். முன்பு பார்த்த வேலையில் எங்கே தப்பு நடந்தது என்று அவைதான் காட்டிக்கொடுக்கும். பேரிங் ஷெல்லில், அதாவது கிராங்கைத் தாங்கும் அரைவட்டத் தகட்டில், பொடிப்பொடியாக ஏதோ பதிந்து, அதைச் சுற்றி வட்டமாகப் பளபளத்தால், ஹோனிங் அடித்த (சிலிண்டர் சுவரைக் கல்லால் தேய்த்த) பிறகு பிளாக்கை, அதாவது சிலிண்டர்கள் உள்ள இன்ஜின் உடலைச் சரியாகக் கழுவவில்லை என்று சந்தேகப்படலாம். கனெக்டிங் ராடு ஷெல் ஒரு ஓரத்தில் மட்டும் தேய்ந்திருந்தால், ராடு வளைந்திருக்கிறதா, கிராங்க் சரியாகக் கிரைண்டிங் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். கிராங்கை எவ்வளவு கிரைண்டிங் செய்ததற்கான ஷெல் என்று அதன் முதுகில் 0.25, 0.50 என்று மி.மீ. கணக்கில் சைஸ் அடித்திருக்கும். கிராங்கை மைக்ரோமீட்டரில் அளந்து அதோடு ஒத்துப்பாருங்கள். இதைப் பார்க்காமல் புது செட் வாங்கிப் போட்டால் அதே கோளாறுதான் திரும்ப வரும்.

கேள்வி: ரிங் செட் மட்டும் மாற்றினால் போதாதா? செலவு தாங்காது.

பதில்: போரை, அதாவது பிஸ்டன் ஓடும் சிலிண்டர் துளையை அளக்காமல் சொல்ல முடியாது. இந்த இன்ஜினில் கழற்றி மாற்றும் தனி லைனர் (சிலிண்டர் குழாய்) கிடையாது, பிஸ்டன் பிளாக்கிலேயே ஓடுகிறது. ஸ்டாண்டர்ட் போர் 102 மி.மீ. போர் கேஜை மேலே, நடுவில், கீழே, குறுக்கும் நெடுக்குமாக வைத்துப் பாருங்கள். முட்டையாகிப்போன போரில் எந்த ரிங்கும் உட்காராது. போரைக் கடைந்து பெரிதாக்கி ஓவர்சைஸ் பிஸ்டன் போட இடமிருந்தால் அப்படிச் செய்யுங்கள், இல்லையென்றால் உள்ளே புதுக் குழாய் இறக்கும் ஸ்லீவ் வேலைதான். இங்கே மிச்சம் பிடிக்கும் காசு ஆயிலிலேயே போய்விடும்.

கேள்வி: பிளாக்கை டீசல் ஊற்றிக் கழுவிவிட்டோம் சார்.

பதில்: டீசல் பிசுக்கைத்தான் எடுக்கும், ஹோனிங் கல்தூள் அப்படியே நிற்கும். சுடுதண்ணீரும் சோப்பும் போட்டு பிரஷால் தேயுங்கள். வெள்ளைத் துணியால் துடைத்தால் துணி கறுக்கவே கூடாது, அதுவரை விடாதீர்கள். காய்ந்ததும் உடனே ஆயில் தடவுங்கள், இல்லாவிட்டால் துரு பிடிக்கும். அப்புறம் ஆயில் கூலர். பேரிங் போன இன்ஜின் என்றால் அதற்குள் உலோகத்தூள் தங்கியிருக்கும். நான் கழுவிப் போடவே மாட்டேன், புதுசுதான்.

கேள்வி: மெயின் பேரிங் ஷெல் மேலே கீழே மாறினால்?

பதில்: ஓட்டை உள்ளது பிளாக் பக்கம். மாற்றிப் போட்டால் ஆயில் வழி அடைபட்டு கிராங்க் பிடித்துக்கொள்ளும்.

கேள்வி: வேலை முடிந்ததும் நாள் முழுக்க ஐடிலில் ஓடவிடச் சொல்கிறார்களே?

பதில்: தயவுசெய்து வேண்டாம். ரிங்கைப் போரோடு அழுத்துவது உள்ளே எரிகிற காஸின் பிரஷர். ஐடிலில் அது குறைவு. ரிங் உட்காராமலே போர் கண்ணாடியாக வழுவழுத்துவிடும். ஆயில் பிரஷர் வந்ததா, எங்கும் ஒழுகவில்லையா என்று பார்த்துவிட்டு, பாதி லோடு ஏற்றி ரோட்டுக்கு எடுங்கள்.