நெல்லைப் பக்கம் இரண்டு ஏக்கர் வைத்திருப்பவர், அரசு மானியத்தை நம்பி உபதொழில் தொடங்கலாமா?

கேள்வி கேட்டவர் களக்காட்டுப் பக்கம் இரண்டு ஏக்கரில் நெல்லும் ஏத்தன் (நேந்திரன்) வாழையும் போடுகிறவர். "ஒரே வருமானத்தை நம்பிக் காலம் தள்ள முடியவில்லை. ஆட்டுப்பண்ணைக்குப் பாதிக்குப் பாதி மானியம் என்கிறார்கள், இறங்கலாமா?" என்று கேட்டிருக்கிறார். நான் சேரன்மகாதேவி வட்டாரம். எங்களுக்கும் வாழை உண்டு. மதினி மகளிர் குழுவில் சேர்ந்து ஏத்தங்காய் சிப்ஸ் போடுகிறார். ஊரில் சிலருக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்து, அவர்களோடு வங்கிப் படி ஏறி இறங்கியிருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

உபதொழில் கண்டிப்பாக வேண்டும். பாபநாசம் அணையில் ஜூன் மாதம் தண்ணீர் இல்லையென்றால் கார் (முதல் போக) சாகுபடி போச்சு. அடுத்து வரும் பிசானப் போகம் ஒன்றுதான் மிச்சம். வாழையோ ஒரு சூறைக்காற்றுக்குத் தாங்காது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழை வெள்ளத்தில் தாமிரபரணிக் கரையில் என்ன நடந்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் மானியம் வருகிறது என்பதற்காக ஒரு தொழிலைத் தேர்ந்தெடுக்காதீர்கள். மானியமே இல்லாவிட்டாலும் அந்தத் தொழில் ஓடுமா என்று முதலில் கணக்குப் போடுங்கள். ஓடும் என்றால் மட்டும் விண்ணப்பத்தை எடுங்கள்.

ஏன் இப்படிச் சொல்கிறேன் என்றால், மானியம் என்றதும் நம் ஆட்கள் மனதில் ஓடுவது கையில் வாங்கும் ரொக்கம். பெரும்பாலான திட்டங்களில் அப்படி வராது. பி.எம்.இ.ஜி.பி. என்கிற பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தைப் பாருங்கள், 2008இல் இருந்து நடக்கிறது. கிராமப்புறத்தில் பொதுப்பிரிவினருக்குத் திட்ட மதிப்பில் 25 சதவீதம், பெண்கள், பட்டியலினத்தவர், பிற்படுத்தப்பட்டோர், மாற்றுத்திறனாளிகள், முன்னாள் படைவீரர்கள் போன்றோருக்கு 35 சதவீதம். உற்பத்தித் தொழில் என்றால் 50 லட்சம் வரை, சேவைத் தொழில் என்றால் 20 லட்சம் வரை திட்டம் போடலாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

இப்போது ஒரு பெண் 10 லட்சத்துக்குத் திட்டம் போடுகிறார் என்று வையுங்கள். அவர் கைக்காசு 5 சதவீதம், அதாவது 50,000 ரூபாய். மீதி ஒன்பதரை லட்சம் வங்கியில் இருந்து. அரசு தரும் மூன்றரை லட்சம் அவர் பெயரிலேயே அந்த வங்கியில் மூன்று வருடம் வைப்பாகக் கிடக்கும். அதற்கு வட்டி வராது, அதற்கு ஈடான கடன் தொகைக்கு வங்கியும் வட்டி போடக் கூடாது. மூன்று வருடம் முடிந்து, தொழில் நடக்கிறதா என்று நேரில் வந்து பார்த்துவிட்டு, அப்புறம்தான் கடனில் கழிப்பார்கள். இடையில் கடையைச் சாத்தினால் மானியம் வந்த வழியே போய்விடும், கடன் முழுதும் நம் தலையில். ஆக, முதல் வருடத்துத் தீவனத்துக்கோ எண்ணெய்க்கோ கூலிக்கோ அந்த மூன்றரை லட்சத்தில் ஒரு பைசா உதவாது.

சரி, ஆட்டுக்கு வருவோம். நீங்கள் கேள்விப்பட்டது தேசிய கால்நடை இயக்கம். 2021இல் மாற்றியமைத்த பிறகு அதில் 50 சதவீத மூலதன மானியம் இருக்கிறது. ஆனால் அதில் தொடக்கமே 100 பெட்டை, 5 கிடா. அந்த அளவுக்கு மானிய உச்சவரம்பு 10 லட்சம். 500 பெட்டை, 25 கிடா வரை போனால் 50 லட்சம் வரை. பணம் இரண்டு தவணையாக வரும்.

இனி தீவனக் கணக்கு. வளர்ந்த வெள்ளாடு ஒன்று நாளைக்கு மூன்று நான்கு கிலோ பசுந்தீவனம் தின்னும். 105 ஆட்டுக்கு 350 கிலோ என்றால் மாதம் பத்து டன்னுக்கு மேல். குட்டிகளைக் கணக்கில் சேர்க்கவில்லை. கோ-4, கோ-5 தீவனப்புல் நல்ல தண்ணீரும் எருவும் இருந்தால் ஏக்கருக்கு வருடம் 150 டன் அளவுக்கு அறுக்கலாம். ஆனால் வெறும் புல்லில் வெள்ளாடு தேறாது. வேலிமசால், அகத்தி, சூபாபுல் என்று தழையும் வேண்டும். உங்கள் இரண்டு ஏக்கரில் பாதிக்கு மேல் ஆட்டுக்கே போய்விடும். அப்புறம் அது என்ன உபதொழில்? அதுதான் தொழில், வாழையும் நெல்லும் உபதொழில். அந்த முடிவுக்குத் தயார் என்றால் தாராளமாகச் செய்யுங்கள். தயார் இல்லாமல் யூடியூபில் பரண்மேல் (உயரத் தட்டில் அடைத்து) ஆடு வளர்ப்பதைப் பார்த்துவிட்டு இறங்கியவர்களின் கொட்டகைகளில் இன்றைக்கு வைக்கோல் அடைந்து கிடப்பதை எங்கள் பக்கத்தில் பார்க்கிறேன். போட்ட பணத்தில் பெரும்பங்கு அந்தப் பிளாஸ்டிக் தரையிலும் தகரக் கூரையிலும்தான் போயிருக்கும்.

நம் சீமையில் ஆடு வருமானத்தோடு சேர்ந்த விதமே வேறு. பிசானம் அறுத்த வயலில் கிடை போடுவார்கள், அதாவது ராத்திரி ஆட்டு மந்தையை அங்கேயே அடைப்பார்கள். வயல்காரருக்கு எரு, கிடைக்காரருக்குக் கூலி, ஆட்டுக்கு மேய்ச்சல். மூன்று பேரும் செலவில்லாமல் பிழைத்தார்கள். முகத்தில் இரண்டு வெள்ளைக்கோடு ஓடும் கறுப்புக் கன்னி ஆடு இந்த வெயிலுக்கும் கரிசல் காட்டுக்கும் பழகிய சாதி. நடந்து மேய வேண்டிய ஆடு அது, பரணில் அடைத்தால் சுணங்கிப் போகும். உங்கள் அளவுக்குப் பத்துப் பதினைந்து கன்னி ஆடு, வரப்பில் அகத்தி, வேலியோரம் வேலிமசால் போதும். பக்ரீத்துக்கு முன்னால் மேலப்பாளையம் சந்தைக்குக் கிடாக்களை ஏற்றினால் கையில் நல்ல காசு நிற்கும். இதற்குப் பெரிய மானியம் கிடையாதுதான். ஆனால் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் கால்நடைப் பராமரிப்புக்கு, தவணை தவறாமல் கட்டினால் வட்டியில்லாத கடன் உண்டு. மழைக்கு முன்னால் துள்ளுமாரிக்கும் ஆட்டுக்கொல்லி நோய்க்கும் கால்நடை மருந்தகத்தில் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரியில் போய்க் கேட்டால் ஆடு வளர்ப்பைப் பற்றி முறையாகச் சொல்லித் தருவார்கள்.

மானியத் திட்டம் வகுப்பவர்கள் கண்ணில் படாத ஒன்றை இங்கே சொல்லிவிடுகிறேன். நம் பக்கத்து விவசாயக் குடும்பங்களில் இரண்டாவது வருமானம் என்றைக்கோ வந்துவிட்டது. அது பீடி. முக்கூடல், ஆலங்குளம், மேலப்பாளையம் என்று எந்தத் தெருவில் நுழைந்தாலும் மடியில் சுளகோடு (முறம்) பீடி சுற்றிக்கொண்டு பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். எத்தனையோ வீடுகளில் பிள்ளைகளின் பள்ளிக்கூடச் செலவு அந்தச் சுளகில் இருந்து வந்ததுதான். நெஞ்சுக்கு ஆகாத வேலை, விட வேண்டிய வேலை என்று அவர்களுக்கும் தெரியும். ஆனால் வாரம் தவறாமல் கூலி வருகிறது, கம்பெனிக் கணக்கு இருந்தால் பி.எஃப். இருக்கிறது. ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையத்தில் தையல், காளான், அழகுக்கலை எல்லாம் இலவசமாகச் சொல்லித் தருகிறார்கள். சாப்பாடும் போடுகிறார்கள். ஆனால் பயிற்சிக்குப் போகிற நாட்களின் பீடிக் கூலியை யார் தருவது? அந்தக் கூலியை ஈடுகட்ட அரசு கொஞ்சம் செலவழித்தால், இப்போது இயந்திரங்களுக்குக் கொடுப்பதைவிட அதிகப் பலன் இருக்கும் என்பது என் கருத்து.

இனி நான் கிட்டத்தில் இருந்து பார்க்கிற சிப்ஸ். உங்களிடம் ஏத்தன் இருப்பதால் இது உங்களுக்கும் பொருந்தும். ஓணத்துக்கு முன்னால் கேரள வியாபாரிகள் தோட்டத்துக்கே வந்து தார் கேட்பார்கள். ஓணம் முடிந்ததும் அதே தாரை ஏறிட்டும் பார்க்க மாட்டார்கள். விலை விழுகிற அந்தச் சமயம்தான் மதினியின் அடுப்புக்கு வேலை. காற்றில் சாய்ந்த பிஞ்சுத் தார் இதற்கு உதவாது, காய் நன்றாக விளைந்திருக்க வேண்டும், பழுக்கத் தொடங்கியிருக்கக் கூடாது. தோலைக் கீறி உரித்து மஞ்சள் தண்ணீரில் போட்டு, எண்ணெய் காய்ந்ததும் வாணலிக்கு மேலேயே வைத்துச் சீவுவார்கள். பாதி வெந்ததும் ஒரு கரண்டி உப்புத் தண்ணீரை எண்ணெயில் ஊற்ற வேண்டும். புதிதாகப் பார்க்கிறவர்கள் பயந்து பின்னால் போவார்கள். சலசலப்பு அடங்கிக் கலகலவென்று காய்ந்த சத்தம் வந்தால் அரித்து எடுத்துவிடலாம். மதினி அடுப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு காதாலேயே பதம் பார்ப்பார்.

இதற்கு இருக்கும் திட்டம், 2020இல் வந்த உணவு பதப்படுத்தும் குறுந்தொழில்களை முறைப்படுத்தும் திட்டம். தனி ஆளுக்கு 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் மானியம். கைக்காசு 10 சதவீதம். மகளிர் குழு என்றால் உறுப்பினருக்கு 40,000 ரூபாய் வரை விதைத்தொகை தனியாக உண்டு, குழுக் கூட்டமைப்பு வழியாக வரும். சிறிய அளவில் செய்பவர்களுக்கு இந்த விதைத்தொகைதான் உருப்படியானது. ஏனென்றால் அதில் எண்ணெய் வாங்கலாம். தனி ஆள் மானியத்தின் எடை முழுக்க இயந்திரத்தின் பக்கம். கூட்டத்துக்குப் போய்விட்டு வந்து மதினி சொன்னது: "மிஷின் வாங்கு வாங்குன்னு சொல்லுதாவ. எண்ணெய் டின்னுக்கு யாரு துட்டு தருவா?" சிப்ஸ் செலவில் எண்ணெய்க்கே பெரிய தொகை போகும் என்பது அடுப்படியில் நின்றவர்களுக்குத் தெரியும். உணவுப் பாதுகாப்புத் துறைப் பதிவுக்கு வருடம் 100 ரூபாய்தான். குறு, சிறு தொழிலுக்கான உத்யம் பதிவு இலவசம். இந்த இரண்டுக்கும் ஆயிரக்கணக்கில் கேட்பவர்களிடம் மாட்டிக்கொள்ளாதீர்கள். மேலே சொன்ன உணவு பதப்படுத்தும் திட்டத்தில், திட்ட அறிக்கை எழுதிக் கொடுத்து வங்கிக் கடன் கிடைக்கும்வரை கூட நிற்பதற்கு மாவட்டத்தில் ஆள் போட்டிருக்கிறார்கள், அவர்களுக்குப் பணம் அரசே கொடுத்துவிடும். திட்டக் காலம் அவ்வப்போது நீட்டிப்பில் ஓடுவதால், இப்போது விண்ணப்பம் வாங்குகிறார்களா என்று மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பண்ணைக்குட்டையில் மீன் வளர்க்கப் பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் 40 சதவீதம், பெண்களுக்கும் பட்டியலினத்தவருக்கும் 60 சதவீதம். கோடையில் உங்கள் கிணற்றில் தண்ணீர் நிற்குமா என்பதைப் பொறுத்தது. பத்தமடையில் பாய் நெய்பவர், காருகுறிச்சியில் சட்டி பானை வனைபவர் போன்றோருக்கு 2025இல் தொடங்கிய கலைஞர் கைவினைத் திட்டம்: 35 வயது ஆகியிருக்க வேண்டும், 3 லட்சம் வரை கடன், 25 சதவீத மானியம், அதிகபட்சம் 50,000. திட்டங்களின் பெயர் ஆட்சிக்கு ஆட்சி மாறும், விண்ணப்பத்தோடு கேட்கிற ஜெராக்ஸ் மட்டும் மாறாது.

உண்மையில் ஆளை நிறுத்துவது இந்தச் சதவீதங்கள் இல்லை, இரண்டு காகிதங்கள். ஒன்று பட்டா. நம் ஊரில் பாதி நிலம் இன்னும் தாத்தா பெயரிலோ கூட்டுப்பட்டாவிலோதான் கிடக்கிறது. பெரியப்பா மகன் மும்பையில் இருப்பார், அத்தை கையெழுத்துப் போட மாட்டார். குத்தகைக்குப் பயிரிடுகிறவர் நிலைமை இன்னும் மோசம், அவரிடம் காட்ட எதுவுமே இருக்காது. இரண்டாவது சிபில், அதாவது நாம் கடனை எப்படிக் கட்டினோம் என்கிற பதிவு. மைக்ரோ பைனான்ஸ் கடனில் கட்டாமல் விட்ட தவணை, எப்போதோ திருப்பாத நகைக்கடன் எல்லாம் அதில் வந்து நிற்கும். விண்ணப்பம் போடுவதற்கு முன்பே சிபிலை எடுத்துப் பார்த்துவிடுங்கள். இயந்திரம் விற்பவர் கொட்டேஷனில் விலையை ஏற்றிப் போட்டு "மிச்சத்தைக் கையில் தந்துவிடுகிறேன்" என்றால் அந்தப் பக்கமே போகாதீர்கள். அந்த மிச்சத்துக்கும் சேர்த்து வட்டி கட்டப்போவது நீங்கள்தான்.

வங்கியில் பெரும்பாலும் முதல் கேள்வி, "அண்ணாச்சி, ஈடு வைக்கப் பத்திரம் ஏதும் இருக்கா?" என்பதுதான். ரிசர்வ் வங்கி விதிப்படி குறு, சிறு தொழில் கடனுக்கு 10 லட்சம் வரை (2026 ஏப்ரலில் இருந்து 20 லட்சம் வரை) ஈடு கேட்கக் கூடாது. விவசாயக் கடனுக்கு 2025 ஜனவரியில் இருந்து 2 லட்சம் வரை. ஒரு கிளையில் எங்கள் ஊர்க்காரரிடம் சிப்ஸ் கடைக்கு வீட்டுப் பத்திரம் கேட்டார்கள். இந்த விதியைச் சொன்னதும், "மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறோம்" என்று மாதக்கணக்கில் இழுத்தார்கள். அப்படி இழுத்தால் சண்டை போடாமல், மறுக்கும் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். மாதம் ஒருமுறை கலெக்டர் அலுவலகத்தில் விவசாயிகள் குறைதீர் நாள் நடக்கும், மாவட்டத்து வங்கிகளை ஒருங்கிணைக்கும் முன்னோடி வங்கி மேலாளரைக் கேள்வி கேட்க அதைவிட நல்ல இடம் கிடையாது. விண்ணப்ப எண்ணையும் தேதியையும் சொல்லி அங்கே மனு கொடுத்தால் கோப்பு நகரும்.

கொட்டகைக்கு இன்னும் அச்சாரம் கொடுக்கவில்லை என்றால் பிசானம் அறுப்பு முடியும்வரை பொறுங்கள். மழையும் நோயும் ஓய்ந்திருக்கும், அறுத்த தாளில் மேய்ச்சலும் கிடைக்கும். மாசியில் சந்தைக்குப் போய் பல் பார்த்து, சினையாக இருக்கும் பெட்டையாக வாங்குங்கள். அதற்குள் பட்டாவைத் தனியாகப் பிரிக்கத் தாலுகா ஆபீசில் மனு போட்டுவிடுங்கள், அது முடியத்தான் நாளாகும்.